கிவ் மீ சரி, எக்ஸ்ப்ளெய்ன் மீ ஏன் தப்பு?

'கிவ் மீ த ஃபைல்' சரி என்றால் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ த ப்ராப்ளம்' என்பதை மட்டும் மேனேஜர் ஏன் திருத்தினார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் திருத்தியது சரிதான்.

தமிழில் 'எனக்கு', 'ஃபைலை' என்று உருபு ஒட்டிக்கொண்டே வருவதால் எதை முன்னால் போட்டாலும் குழப்பம் வராது. ஆங்கிலத்திலோ 'என்னை', 'எனக்கு' இரண்டுக்கும் ஒரே 'மீ'தான், பெயர்ச்சொல்லோ அப்படிக்கூட உருவம் மாறாது, அதனால் யாருக்கு, எதை என்பதைப் பெரும்பாலும் இடம்தான் சொல்கிறது. கிவ், செண்ட், ஷோ, டெல், லெண்ட் எல்லாம் ஆளை முதலில், பொருளை அடுத்து என்று 'டு' இல்லாமலே ஏற்கும். எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், சே ஆகியவை ஏற்காது. 'எக்ஸ்ப்ளெய்ன் த ப்ராப்ளம் டு மீ' என்றுதான் எழுத வேண்டும். லத்தீன் வழி வந்த நீளமான வினைகள்தான் பெரும்பாலும் இப்படி முரண்டு பிடிக்கும், ஆனால் அதை விதியாக நம்பிவிடாதீர்கள், 'ப்ராமிஸ்' கூட லத்தீன் வழிதான், 'ப்ராமிஸ்ட் மீ எ ரெய்ஸ்' (சம்பள உயர்வு தருவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார்) என்று ஜம்மென்று வருகிறது பாருங்கள். வினையை அதன் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சேர்த்தே மனதில் வையுங்கள், வேறு குறுக்குவழி இல்லை.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி, 'பெயின்டட் ரெட் த டோர்' என்று எழுதலாமா என்பது. இதுவும் தப்பு. கதவு முதலில், நிறம் பிறகு: 'பெயின்டட் த டோர் ரெட்'. ஆனால் செயப்படுபொருள் ரொம்ப நீண்டுவிட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளலாம்: 'ஹி மேட் க்ளியர் ஹிஸ் ஆப்ஜெக்ஷன்ஸ் டு த நியூ பிளான்'.