முதல் முறையாகச் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கன். பதினெட்டு வருடமாகப் பங்குக் கோயில் (எங்கள் வட்டாரத்துச் சர்ச்) பாடற்குழுவில் பாடுகிறேன். (நாங்கள் சர்ச் என்பதைவிடக் கோயில் என்றுதான் அதிகம் சொல்வோம்.) கிறிஸ்துமஸ் நெருங்கினால் “நாங்களும் வந்து பார்க்கலாமா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்து. யாரும் அழைக்காமல் ஞாயிறு பூசைக்கு வரலாமா? யாரிடம் அனுமதி வாங்கணும்?

தாராளமாக வாங்க தம்பி. அனுமதி எதுவும் தேவையில்லை. பத்து நிமிடம் முன்னால் வந்து, பின்வரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். கிராமத்துக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருப்பதுண்டு. உட்காரும் முன் அதை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

செருப்பைக் கழற்றணுமா? தலையில் முக்காடு போடணுமா?

வாசலில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள். நகரத்தில் பல இடங்களில் போட்டுக்கொண்டே உள்ளே போகிறார்கள். முக்காடு கட்டாயமில்லை அக்கா.

எல்லோரும் எழுகிறார்கள், உட்காருகிறார்கள், முழங்காலில் நிற்கிறார்கள். நானும் செய்யணுமா?

எழும்போது எழுந்து நின்றால் போதும். முழந்தாளிட வேண்டாம், அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். சிலுவை அடையாளம் போடத் தேவையில்லை. நம்பாத ஒன்றை மரியாதைக்காகச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடுவில் ஒருமுறை சிறிய மணி அடிக்கும், கோயிலே அடங்கிவிடும். அப்போது மட்டும் பேச்சும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

எல்லோரும் வரிசையில் போய் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார்களே, நானும் போகலாமா?

இது ஒன்றுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். மற்ற எதில் தடுமாறினாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்வைக்கு அது புளிக்காத கோதுமை மாவில் சுட்ட மெல்லிய வெள்ளை அப்பம், ஒரு காசு அளவு இருக்கும். ஆனால் குரு அதை எடுத்து ஜெபித்து உயர்த்திய பிறகு அது கிறிஸ்துவின் உடல் என்பது எங்கள் விசுவாசம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஞானஸ்நானம் ஆனவுடன் கொடுத்துவிடுவதில்லை. மறைக்கல்வி படித்து, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்து, ‘புதுநன்மை’ வாங்கிய பிறகுதான். இந்த அப்பத்தை நன்மை என்போம், அதை முதல் முறை வாங்குவதுதான் புதுநன்மை. பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவ சபை) நண்பரும் எங்கள் பூசைக்கு வந்தால் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பார். அதனால் உங்களை ஒதுக்குகிறோம் என்று நினைக்காதீர்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். கோயில் பிரசாதம் வந்தவர் எல்லோருக்கும் உண்டு. அப்படி நினைத்துத்தான் ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவில் என் கல்லூரி நண்பன் வரிசையில் நின்று கையில் வாங்கிவிட்டான். திருநீற்றை மடிப்பதுபோலக் கைக்குட்டையில் மடித்து, வீட்டில் அம்மாவுக்கு என்று வைத்துக்கொண்டான். பூசை முடிந்து என்னிடம் காட்டினான். அவனைச் சாமியாரிடம் (குருவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிப்போனேன். அவர் கோபப்படவே இல்லை. கைக்குட்டையை மெதுவாக விரித்து, அப்பத்தைத் தானே உட்கொண்டார். பிறகு துணியை விளக்கடியில் பிடித்து, துகள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தண்ணீரில் அலசினார். நண்பன் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். நான் நீளமாக விளக்கியிருந்தாலும் அவனுக்கு அவ்வளவு புரிந்திருக்காது.

பக்கத்தில் இருந்தவர் திடீரென்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன்?

சமாதானம் சொன்னார். திரும்பக் கும்பிட்டு “சமாதானம்” என்று சொல்லுங்கள். எனக்குப் பூசையில் மிகவும் பிடித்த நேரம் அது.

காணிக்கைப் பை வந்தால்?

விருப்பம் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுங்கள்.

தோழி சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குக் கூப்பிடுகிறாள். அங்கேயும் இப்படித்தானா?

பாதி இப்படித்தான். சொற்கள் மாறும். பூசை இல்லை, ஆராதனை. சாமியார் இல்லை, ஐயர். மாதா சுரூபமோ அந்தோனியார் சுரூபமோ இருக்காது. பிரசங்கம் எங்களுடையதைவிட நீளம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற பல சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகச் சேர்ந்து உருவானதுதான் சி.எஸ்.ஐ. அவர்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், எங்களுடையதில் 73.

அங்கே பாட்டைக் கேளுங்கள். ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு ஒன்று போகும், அடுத்ததே ராகம் தாளத்தோடு கீர்த்தனை வரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை இன்றும் சபையே சேர்ந்து பாடுகிறது. பாடற்குழுக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்காகவே ஒருமுறை போகலாம்.

பெந்தெகொஸ்தே சபை?

நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். சத்தமான ஜெபம், கைத்தட்டல், சாட்சி சொல்வது (கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து சொல்வது) எல்லாம் இருக்கும். சிலர் அந்நிய பாஷையில், அதாவது கேட்பவருக்குப் புரியாத சொற்களில், ஜெபிப்பார்கள், பயப்பட வேண்டாம். புதியவர்களை எழுந்து பெயர் சொல்லச் சொல்வதும் உண்டு. சங்கடமாக இருந்தால் அழைத்துப்போனவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மதம் மாறச் சொல்லி வற்புறுத்துவார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் புரிகிறது. எங்கள் பங்கில் நீங்கள் யாரென்றுகூடப் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் கத்தோலிக்கராக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் படித்துத் தயாராக வேண்டும், ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தால் எதுவும் ஆகிவிடாது. சில சபைகளில் அன்பாகப் பேசி, போன் நம்பர் கேட்பார்கள். “பார்க்கத்தான் வந்தேன்” என்று நேராகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் எந்த நாள்?

கிறிஸ்துமஸ் என்று நினைப்பீர்கள். நான் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவைச் சொல்வேன். அதற்கு முந்தைய பெரிய வியாழன் இரவிலிருந்தே கோயில் மணி அடிக்காது, மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனி இரவு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே முற்றத்தில் நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருட்டுக்குள் தூக்கி வருவார்கள். அந்தச் சுடர் கைக்குக் கை மாறி உங்கள் வரிசைக்கும் வரும். வாசலில் ஒரு சின்ன மெழுகுதிரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிக்க ஞானஸ்நானம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் சுடரை நீட்டும்போது உங்கள் திரியைச் சாய்த்துக் கொடுங்கள்.