கலிபாத்தாவில் தூவிய பூ

அன்புள்ள ஐயா,

இந்திய–பாகிஸ்தான் எல்லைத் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எதிரிச் சிப்பாய்களின் சடலப் படங்களைப் போட்டுக் கொண்டாடினார்கள். ‘அவனுக்கும் அம்மா இருப்பாள்’ என்று எழுதினேன். துரோகி என்றார்கள். அழித்துவிட்டேன். ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிக்குப் போய்வருபவன் நான். போரே தவறு என்று சொல்லியிருக்க வேண்டுமா? குழுவைவிட்டு விலகலாமா?

எம்., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள எம்.,

விலகுவதும் இருப்பதும் உங்கள் விருப்பம். போரே தவறா என்ற கேள்வியை இதற்குள் இழுக்காதீர்கள். துப்பாக்கி பிடிக்கப் பழகியவர் நீங்கள், எதற்கென்று உங்களுக்கே தெரியும். ஆனால் எழுதியதை ஏன் அழித்தீர்கள்? கடிதத்தில் அந்த ஒரு சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஈரமுள்ள மனசு உங்களுக்கு. அதை ஒரு வசைக்குப் பயந்து ஒளித்துவைப்பதா?

1965 மார்ச் 10. இந்தோனீசியா நம்மோடு மோதிக்கொண்டிருந்த காலம். அப்பா அப்போது ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அதே சாலையிலுள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள். வைத்தவர்கள் சாதாரண உடையில் வந்த இந்தோனீசியக் கடற்படைச் சிப்பாய்கள், உஸ்மானும் ஹருணும். அதிபர் சுகார்த்தோ கருணை காட்டச் சொல்லியும் சிங்கப்பூர் இணங்கவில்லை. 1968 அக்டோபர் 17 அன்று சாங்கிச் சிறையில் இருவருக்கும் தூக்கு. செய்தி கேட்ட அப்பா, ‘சரி, முடிஞ்சது’ என்று வானொலியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வெடிச்சத்தத்தைத் தன் காதால் கேட்டவர் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

1973 மே மாதம் லீ குவான் யூ ஜகார்த்தாவின் கலிபாத்தா மாவீரர் மயானத்துக்குப் போய் அந்த இருவரின் கல்லறைகளிலும் பூத் தூவினார். தூக்கிலிட்ட நாட்டின் பிரதமர்! தீர்ப்பைச் சிங்கப்பூர் திரும்பப் பெறவில்லை. 2014இல் இந்தோனீசியா ஒரு போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரை வைத்தபோது, அந்தக் கப்பல் நம் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. பூத் தூவியதால் எந்த உறுதி குறைந்தது, சொல்லுங்கள்.

அந்தப் பெயர் நமக்கு ஏன் அப்படிச் சுட்டது? நம் வீட்டுச் சாவை அடுத்தவர் பெருமையாக்கிக்கொண்டதால். உங்கள் நண்பர்கள் இப்போது இன்னொரு வீட்டுக்கு அதைத்தான் செய்கிறார்கள். அவர்களுடைய நாட்டுப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கு அந்தச் சடலப் படம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

1999இல் கார்கிலில் பாகிஸ்தான் ஏற்க மறுத்த அதன் வீரர்களின் உடல்களை, அவர்களோடு போரிட்ட இந்திய ராணுவமே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது. அழித்த வரியை மறுபடி குழுவில் போடுங்கள். துரோகி என்றால், கார்கிலில் அந்த உடல்களுக்குக் குழி வெட்டிய இந்தியச் சிப்பாயும் துரோகியா என்று கேளுங்கள்.