முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஸ்பானிய மொழி கற்பித்து ஓய்வு பெறும் ஆசிரியையை எப்படிக் கௌரவிப்பது?

அமெரிக்காவில் உங்கள் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் ஸ்பானிய ஆசிரியைக்குக் கேடயம் கொடுப்பதா, பரிசு அட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோரிடம் பணமும் வசூலித்து முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன் என் ஆசிரியைக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நான் 1999-இல், பதினான்கு வயதில், நாகர்கோவிலிலிருந்து டெக்சாஸுக்கு வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். மற்ற வகுப்புகளில் ஆசிரியர்கள் பேசும் ஆங்கிலத்தில் பாதிதான் பிடிபடும். இன்னொரு மொழியும் படிக்கலாம் என்று எடுத்துக்கொண்ட ஸ்பானிய வகுப்பில் மட்டும், எங்களில் பெரும்பாலோர் ஒன்றும் தெரியாமல் தொடங்கியதால், நான் பின்தங்கியவனாக இல்லை. ஒருநாள் சென்யோரா (ஸ்பானிய ஆசிரியைகளை அங்கே அப்படித்தான் அழைப்போம்) 'மே குஸ்தா எல் பான்' என்று எழுதினார். ரொட்டி பிடிக்கும் என்று சொல்ல, 'நான்' என்று பொருள்படும் 'யோ'வை முன்னால் போட்டே தீருவோம் என்று வகுப்பு முழுவதும் தடுமாறியது. எனக்கு அதில் குழப்பமே இல்லை. தமிழிலும் 'நான்' இல்லை, 'எனக்கு'தானே? அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து, 'எனக்கு ரொட்டி பிடிக்கும்' என்று தமிழிலேயே எழுதச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்கீழே ஸ்பானியச் சொல்லை அவர் எழுதினார். அந்த வாரம் முழுவதும் அந்த வரியை அழிக்கவில்லை.

அவர் கற்பித்த முறை அதுதான்: மாணவன் கொண்டுவருவதிலிருந்து தொடங்குவார். 'காரோ' என்றால் விலை அதிகம், 'காறோ' என்றால் கார் என்று வேறுபடுத்த மற்றவர்கள் நாக்கைச் சுழற்றிப் பழகியபோது, அரத்தையும் அறத்தையும் வேறுபடுத்திப் பேசும் ஊரிலிருந்து வந்த என்னை உச்சரித்துக் காட்டச் சொன்னார். அந்த நாட்டில் என் மொழி ஒரு குறையாகப் பார்க்கப்படாத முதல் இடம் அந்த அறைதான். அயல்மொழி ஆசிரியைக்கு இத்தனை புகழ்ச்சியா, தமிழாசிரியர்களை மறந்துவிட்டாயா என்று கேட்பவர்கள் இருக்கலாம். 'எனக்கு' என்பதில் வரும் 'கு' என்ற நான்காம் வேற்றுமையை ஊரில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பயன் எனக்குப் புரிந்தது அவர் வகுப்பில்தான் என்பதை மறைக்க முடியாது.

2014-இல், முப்பத்தொரு ஆண்டுப் பணிக்குப் பின் அவர் ஓய்வு பெற்றார். பள்ளி உணவுக்கூடத்தில் வேறு மூன்று பேருடன் சேர்த்துக் கால் மணி நேர விழா. கொடுத்த கேடயத்தில் அவர் குடும்பப் பெயரையே தவறாகப் பொறித்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஞகர ஒலிக்குரிய எழுத்து ஒன்று உண்டு. அதன் தலையில் வரவேண்டிய அலைக்கோடு இல்லை. அந்தக் கோட்டைப் போடாத விடைத்தாள்களை ஆண்டுதோறும் பொறுமையாகத் திருத்திய கை அந்தக் கேடயத்தை வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேடயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மரியாதையைப் பற்றிப் பேசும்போது பணத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். டெக்சாஸின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) ஆசிரியர்களைக் கூட்டரசின் சமூகப் பாதுகாப்பு என்னும் முதியோர், வாழ்க்கைத்துணை உதவித்தொகைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு மாநில ஆசிரியர் ஓய்வூதியம்தான். 1977-இல் வந்து 1983-இல் திருத்தப்பட்ட ஒரு விதியின்படி, அந்த ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான தொகை, மறைந்த கணவரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கிலிருந்து மனைவிக்கு வரவேண்டிய உதவித்தொகையில் கழிக்கப்பட்டது. கணவரை இழந்திருந்த என் ஆசிரியைக்கு அதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டம்தான் அந்த விதியை நீக்கியது. இத்தனை ஆண்டுகள் பிடித்துக்கொண்டதை எந்தக் கேடயம் ஈடுகட்டும்?

விழா முடிந்த மறுமாதம், பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, வெவ்வேறு ஆண்டுகளில் அவரிடம் படித்தவர்களைத் தேடிப்பிடித்து, ஆளுக்கொரு கடிதம் ஸ்பானிய மொழியில் கையால் எழுதச் சொன்னோம். மொத்தம் 46 கடிதங்கள் வந்தன. எல்லைப்புற மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர் ஒருவர், நோயாளிகளிடம் தாம் கேட்கும் முதல் கேள்வி எந்தப் பாடத்தில் கற்றது என்று எழுதியிருந்தார். தைத்த தொகுப்பை ஆசிரியையின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கள் முன்னாலேயே படிக்கத் தொடங்கியவர், என் கடிதத்தின் இரண்டாம் வரியில் நின்றார். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்பதற்கு 'எஸ்தா' என்று எழுதியிருந்தேன். ஒருவர் நலமாக இருப்பதைக் கண்டு சொன்னால் 'எஸ்தா'. இருக்கட்டும் என்று மனம் விரும்பினால் 'எஸ்தே'. பேனாவை எடுத்து அந்த ஓர் எழுத்தைத் திருத்தி, "இப்போது சரி" என்று ஸ்பானிய மொழியில் சொல்லிவிட்டு, ஓரத்தில் தேதியும் போட்டார்.

ஆகவே நீங்கள் வசூலித்த பணத்தில் நல்ல தாளும் தையலும் வாங்குங்கள். கடிதங்களைக் கேட்க இரண்டு மாதமாவது முன்னதாகத் தொடங்குங்கள். பழைய மாணவர்களின் முகவரி கிடைக்க அவ்வளவு காலம் ஆகும். பொதுவான வாழ்த்து வேண்டாம், நினைவிலிருக்கும் ஒரு பாடத்தையோ ஒரு நாளையோ எழுதுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மேலட்டையில் அவர் பெயரை அச்சிடும் முன், அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.