விளக்கில்லாத திரட்சிகளைத் தேட விரும்பும் மகள்: ஹட்டன் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கும் உங்கள் மகள், பொறியியலை விட்டுப் பேரண்டத்தின் சிற்றளவுக் கட்டமைப்பை, அதாவது பொருள் சிறு சிறு திரட்சிகளாகச் சேர்ந்திருக்கும் விதத்தை, ஆராயப் போவதாகச் சொல்வது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. கொழுந்துச் சம்பளத்தில் படிக்கவைத்த பிள்ளையைப் பற்றிய அந்தக் கலக்கம் நியாயமானதே. எனினும், பிள்ளை எதை விரும்புகிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

இரவில் எதிர்மலையில் லயத்து விளக்குகளைக் கண்டுதான் அங்கே ஆட்கள் இருப்பதை அறிகிறோம். ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னை உணர்த்தும் பொருளைக் கரும்பொருள் என்கிறோம். பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்களும் கரும்பொருள் திரட்சிகளுக்குள் எரியும் விளக்குகளே. ஆனால் ஏறத்தாழ 10 கோடி சூரியத் திணிவுக்குக் குறைந்த திரட்சிகளில் பெரும்பாலும் விண்மீன்கள் உருவாவதில்லை. கரும்பொருள் துகள்கள் ஆதியில் விரைந்து ஓடியிருந்தால் இத்தகைய சிறு திரட்சிகள் உருவாகாமலே போயிருக்கும். மெதுவாக நகர்ந்திருந்தால் ஏராளமாக இருக்கும். ஆகவே, ஆய்வுகூடத்தில் இன்றுவரை பிடிபடாத அத்துகளின் இயல்பை, விளக்கில்லாத இத்திரட்சிகளின் எண்ணிக்கையிலிருந்து உய்த்தறியலாம்.

காணாததை எண்ணுவது எப்படி? நமது பால்வீதியில் ஜிடி-1 என்னும் மெல்லிய விண்மீன் தாரை, அதாவது நீண்ட இழைபோல வரிசையாக ஓடும் விண்மீன் கூட்டம், உள்ளது. விண்மீன்களின் இடங்களையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகள் 2018இல் வெளியானபோது, அத்தாரையின் நடுவே இடைவெளிகளும், ஓரிடத்தில் பக்கவாட்டாகப் பிரிந்த கிளையொன்றும் தெளிவாகத் தெரிந்தன. விளக்கில்லாத திரட்சி போன்ற, கண்ணுக்குப் புலப்படாத திணிவான பொருளொன்று அருகே கடந்து சென்று தாரையைக் கலைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த அளவீடுகள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதை உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோட்டத்துப் பிள்ளையும் இணையத்தில் பெற்று அந்த இடைவெளியைத் தன் கையால் வரைந்து பார்க்கலாம்.

பேராதனையிலோ கொழும்பிலோ பௌதிக விஞ்ஞானம் படித்து, முதல் ஆண்டுகளின் பெறுபேறுகளால் பௌதிகவியல் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக வேண்டும். புள்ளிவிபரவியலும் பைதன் என்னும் கணினி நிரல்மொழியும் கூடவே தேவை. பின்னர் வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்பு. பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை விலக்கி மாதாந்த உதவித்தொகையும் தருகின்றன.

மறைக்காமல் சொல்கிறேன்: இத்துறைக்கென்றே இலங்கையில் உள்ள வேலைகள் மிகச் சில. ஆயினும், இரைச்சல் மிகுந்த தரவிலிருந்து மெல்லிய தடயத்தைப் பிரித்தெடுக்கப் பழகியவரை வங்கிகளும் காப்புறுதி, மென்பொருள் நிறுவனங்களும் வேலைக்கு எடுக்கின்றன. பிள்ளை வெறுங்கையோடு நிற்க மாட்டார்.

பரீட்சை முடிந்த விடுமுறையில் அந்த ஜிடி-1 தாரையை வரையச் சொல்லுங்கள். இரண்டு கிழமை அலுக்காமல் அதில் அமர்ந்து, அந்த இடைவெளி ஏன் வந்தது என்று உங்களுக்கும் விளங்கும்படி சொன்னாரானால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தை முதல் விருப்பமாக எழுத விடுங்கள்.