சித்தப்பாவின் சிட்டை

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் தாத்தா காலத்திலிருந்து மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். அப்பா காலமான பிறகு சித்தப்பாவும் நானும் கடையைப் பார்த்துக்கொள்கிறோம். வாடிக்கையாளர், சரக்கு, பாக்கி எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் கொண்டுவரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயர்களில் வருகிறார். மிளகாய் வற்றலின் இருப்பு ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் பணம் கேட்கிறார்கள். சித்தப்பா இன்னமும் சிட்டை என்கிற கணக்கு நோட்டில்தான் எழுதுகிறார். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் காட்டலாம் என்றிருக்கிறேன். நிறுவனத்தை மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, "எல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் காட்டலாம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. தினமும் உங்களுக்குப் பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், அவருடைய கடையையே தலைகீழாக மாற்றப்போகும் வேலையைப் பற்றி ஏழு மாதமாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பாதான் உங்களுக்குப் பெரியவர். அவர் மறுப்பார் என்று பயந்திருந்தால், அந்த மறுப்பை நேரில் கேட்டு, மல்லுக்கட்டியாவது அவரைச் சம்மதிக்க வைத்திருக்க வேண்டும். கேட்காமலே ஒதுக்கியது தவறு. அதை நான் மழுப்பிச் சொல்லப் போவதில்லை.

அந்தத் தவற்றுக்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மொத்தக் கடைச் சிட்டையில் ஒரு வரி எப்படி இருக்கும்? "உசிலை பெரியவர், வற்றல் 3 மூ., ஈரம் 2 கி. தள்ளு, மீதி பொங்கலுக்கு." சிட்டையில் இருக்கும் 'பெரியவர்', பில்லில் இருக்கும் கடைப்பெயர், பணம் கொண்டுவந்து கட்டும் மகனின் பெயர் ஆகிய மூன்றும் ஒரே பற்றுவரவு என்பது சித்தப்பாவுக்குத் தெரியும், வெளியிலிருந்து வந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? வற்றலின் கதையும் அதுதான். மூட்டையாக வாங்கிக் கிலோவாகக் கொடுக்கும்போது சாக்கின் எடை கழிகிறது, ஈரம் காய்ந்து எடை குறைகிறது, காம்பும் விதையும் உதிர்கின்றன. வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்தால் மிச்சம் இருப்பு என்று எழுதிய மென்பொருள் எந்தக் காலத்திலும் கிடங்கோடு ஒத்துப்போகாது. கழிவுக்குத் தனிப்பதிவும், மூட்டைக்கும் கிலோவுக்கும் தனித்தனி இடமும் வேண்டும். சித்தப்பா 'தள்ளு' என்று ஒரே சொல்லில் எழுதுவது இவ்வளவையும்தான்.

தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அட்டவணை போடுவதற்கு முன்பே, தொழிலில் யார் யார், என்னென்ன பொருள்கள், அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று படமாக வரைந்துகொள்ளும் முறையை 1976-இல் பீட்டர் சென் கொடுத்தார். அந்தப் படத்துக்கான விவரம் முழுவதும் தொழில் தெரிந்தவரின் வாயிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் வேலையில் அந்தப் படியைத் தாண்டி நேரே கணினித் திரையில் தெரியும் பக்கங்களை உருவாக்கப் போய்விட்டார்கள், நீங்களும் விட்டுவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்று பெயர்ச் சிக்கலுக்கு ஜிஎஸ்டி எண்ணை அடையாளமாக வைத்துத் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 15 இலக்கம் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். ஒருவர் இந்த மாநிலத்துக்குள் வைத்திருக்கும் இரண்டு கடைகளும் ஒரே எண்ணில் இயங்கலாம். கிராமத்துச் சிறு கடைக்காரருக்கு எண்ணே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உங்கள் கடையே ஒரு எண் கொடுத்து, மற்றப் பெயர்கள் அனைத்தையும் அதன் கீழ் கொண்டுவர வேண்டும். எந்தப் பெயர் எந்த எண்ணின் கீழ் வரும் என்று பிரித்துச் சொல்ல உங்கள் வீட்டில் ஒருவரால்தான் முடியும்.

நிறுவனத்தை இப்போது மாற்றாதீர்கள். புதிதாக வருகிறவரிடமும் இதே அரைகுறை விவரத்தைத்தான் கொடுப்பீர்கள், அவரும் ஏழு மாதம் எடுத்துக்கொள்வார். வேலையை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் சித்தப்பாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். கடையில் ஆட்கள் முன்னால் வேண்டாம், வீட்டில், சித்தி இருக்கும்போது கேளுங்கள். பிறகு கடை அடைத்ததும் தினம் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து, கடந்த ஒரு மாதச் சிட்டையை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு குறிக்கும் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் அந்த இரண்டு நாளும் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தக் குறிப்பிலிருந்து படத்தை வரைந்து, அதற்குப் பிறகு அட்டவணைகளைத் திருத்தச் சொல்லுங்கள். இனி எந்த மாற்றமும் எழுத்தில், தொகையோடு இருக்கட்டும். பேக்கப் உங்கள் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டியவர் நீங்கள், மென்பொருள் எழுதியவர் அல்ல. சிட்டையையும் டேட்டாபேஸையும் மூன்று மாதம் சேர்த்தே நடத்தி, வாரம் ஒருமுறை பாக்கியையும் இருப்பையும் சித்தப்பா முன்னால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகிறது என்று அவர் கையெழுத்துப் போடும்வரை நிறுவனத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.