வாசகர் கேள்விகள்: ஐந்து நிமிடமா, முக்கால் மணி நேரமா?

கேள்வி: என் மகனும் அவன் நண்பர்களும் போர் வரலாற்று நூல்களாகவே வாங்கிக் குவிக்கிறார்கள். ஒரே போரைப் பற்றி நான்கு புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றைப் படித்தால் போதாதா? அப்படி என்னதான் படிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: அந்த நான்கும் மிட்வே போரைப் பற்றியவையாக இருந்தால் வியப்படைய மாட்டேன், இந்த ஆர்வலர்களிடையே அதிகம் கைமாறுவதும் அதிகம் வாதாடப்படுவதும் அதுதான். 1942 ஜூன் 4 அன்று பசிபிக் கடலில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நடந்த அந்தப் போரில், அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் ஒரே பகலில் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. இந்தத் தோல்விக்கு உலகம் நெடுங்காலம் நம்பிவந்த விளக்கம் மிட்சுவோ ஃபுசிடா தந்ததாகும். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது விமானங்களை வழிநடத்திச் சென்றவர் அவர். மிட்வேயின்போது குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து, பறக்க இயலாமல் அகாகி கப்பலிலேயே இருந்தவர். 1951இல் ஜப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் வெளியான நூலில், எதிர்த்தாக்குதலுக்கான விமானங்கள் மேல்தளத்தில் புறப்படத் தயாராக நின்றன என்றும், இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் மேலே கிளம்பியிருக்கும் என்றும் அவர் எழுதினார். கண்ணால் கண்டவர் சொல்லும்போது யார் மறுப்பார்கள்? கல்லூரி நாட்களில் அதைப் படித்த நானும், அந்த ஐந்து நிமிடக் கதையைக் கேட்பவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

2005இல் ஜொனாதன் பார்ஷலும் ஆந்தனி டல்லியும் எழுதிய ‘ஷாட்டர்டு ஸ்வோர்டு’ என்ற நூல் அந்தக் கதையை உடைத்தது. அவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளியது: ஒரு தாக்குதலுக்கான விமானங்களை மேல்தளத்தில் அணிவகுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜப்பானியக் கப்பல்களில் டார்பிடோ மாட்டும் வேலை மேல்தளத்துக்குக் கீழேயுள்ள மூடிய கொட்டில்களில் நடந்தது. அதன்பின் விமானங்களை ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏற்றி, தளத்தின் பின்பகுதியில் வரிசையாக நிறுத்தி, இறக்கைகளை விரித்து, எஞ்சினைச் சூடேற்ற ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் மேல்தளம் ஓய்வாக இருந்ததா என்பதைக் கப்பல்களின் விமானப் பிரிவுப் பதிவேடுகளில் தேடினார்கள். அமெரிக்க விமானங்கள் அன்று காலை முழுவதும் அலையலையாக வந்துகொண்டிருந்ததால், ஜப்பானியக் காவல் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாகவே தளம் ஓயாமல் இயங்கியிருந்தது. பத்தேகால் மணிக்குப் பின் குண்டுகள் விழுந்தபோது, தாக்குதல் விமானங்கள் கீழ்க்கொட்டில்களில்தான் இருந்தன. கப்பல்களை அவ்வளவு விரைவில் எரித்ததும் அங்கே கிடந்த எரிபொருளும் குண்டுகளுமே.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜப்பானின் அரசுமுறைப் போர் வரலாற்றில், மிட்வே பற்றி 1971இல் வந்த தொகுதியே ஃபுசிடாவின் கூற்றோடு ஒத்துப்போகவில்லை. 102 தொகுதிகள் கொண்ட அந்த வரிசை ஜப்பானிய மொழியில் இருந்ததால், ஆங்கிலம் வழியே படித்த நாமெல்லாம் மேலும் முப்பது ஆண்டுகள் பழைய கதையையே கட்டிக்கொண்டு அழுதோம். உங்கள் மகன் நான்கு புத்தகம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. விலையைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கேள்வி: அப்படியானால் தளபதிகள் தாமே எழுதிய நினைவுக் குறிப்புகளை ஒதுக்கிவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். எழுதியவர் தன் தவற்றை எந்த இடத்தில், எவ்வளவு விவரமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். பர்மாவில் 14ஆவது படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட ‘டிஃபீட் இன்டு விக்டரி’ இன்றும் தேடிப் படிக்கப்படுவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் எண்ணம். 1944இல் நாகா மலைகளில் உள்ள கோஹிமாவை நோக்கி அந்தக் காட்டு மலைகளின் வழியே ஜப்பானியர் ஒரு ரெஜிமென்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்று அவர் கணக்கிட்டார். வந்ததோ அதைவிடப் பெரிதான 31ஆவது டிவிஷன் முழுவதும். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு போர்வீரர்களே இருந்த காவற்படை அதன் முன்னே நிற்க வேண்டியதாயிற்று. பிழை தன்னுடையதே என்று ஸ்லிம் ஒளிக்காமல் எழுதுகிறார்.

ஆனால் அவருடைய பார்வை தளபதியின் வரைபடத்திலிருந்து பார்க்கும் பார்வைதான். கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் நடுவே கிடக்க, இரு தரப்பினரும் அதன் இரு பக்கங்களிலும் குழிகளில் பதுங்கிப் போரிட்டார்கள். அந்தக் குழிக்குள் இருந்தவனுக்குப் போர் எப்படித் தெரிந்திருக்கும் என்ற கேள்வியை ஒரு துறையாகவே வளர்த்தவர் ஜான் கீகன். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய அவர், தாம் எந்தப் போரையும் கண்டதில்லை என்ற ஒப்புதலோடு தொடங்கி, அஜின்கோர்ட், வாட்டர்லூ, சோம் ஆகிய மூன்று போர்களையும் சாதாரண வீரனின் நிலையிலிருந்து ஆராய்ந்த நூல் 1976இல் வெளிவந்தது. இந்தியத் தரப்பை அறிய விரும்பினால், காலாட்படை அதிகாரியாக இருந்து வரலாற்றாசிரியரான ஸ்ரீநாத் ராகவன் 2016இல் எழுதிய நூலை எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் இருபத்தைந்து லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்த இந்தியப் படைக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பதை அது பேசுகிறது.

கேள்வி: ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன் என்று வரும்போது தலை சுற்றுகிறது.
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாலியன் என்றால் ஏறக்குறைய எண்ணூறு பேர். அப்படி மூன்று சேர்ந்தால் பிரிகேட். மூன்று பிரிகேடுகளும் பீரங்கிப் படையும் சேர்ந்தால் டிவிஷன். ரெஜிமென்ட் மட்டும் ஏமாற்றும். ஜப்பானியப் படையில் அது பிரிகேடுக்கு ஈடான போர்ப் பிரிவு. பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படையிலோ அது குடும்பப் பெயர் போன்றது, அதன் பட்டாலியன்கள் வெவ்வேறு போர்முனைகளில் சிதறிக் கிடக்கும்.

கேள்வி: இந்த ஆர்வத்தைத் தமிழ் நூலிலிருந்தே தொடங்க முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1748இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, ஊருக்குள் இருந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமான) ஆனந்தரங்கப் பிள்ளை. வெளியே இருந்த ஆங்கிலேயர் தரப்பை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதினார். அவருடைய முதல் தொகுதி 1763இல் அச்சானது. அரியாங்குப்பத்தில் ஆங்கிலேயர் நாட்களை வீணாக்கியதும், கோட்டையிலிருந்து வெளியேறித் தாக்கச் சென்ற பராதி (Paradis) என்ற பிரெஞ்சுத் தளபதி படுகாயமுற்று இறந்ததும், அக்டோபரில் மழைக்கும் நோய்க்கும் அஞ்சி முற்றுகை விலக்கப்பட்டதும் போர் நூல்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும். பிள்ளையின் செப்டம்பர் மாதப் பக்கங்களிலோ குண்டு விழும் சத்தத்தைவிட, அதே நாட்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட வேதனையே ஓங்கி நிற்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியையும் பின்பற்றியதால், ஒரே சம்பவத்துக்கு இரு தரப்பிலும் பதினொரு நாள் வேறுபாடு வரும். தேதி பொருந்தவில்லையே என்று பிள்ளையைச் சந்தேகிப்பதற்கு முன், ஆங்கிலேயர் தரும் தேதியோடு அந்தப் பதினொன்றைக் கூட்டிப் பாருங்கள்.