கொள்ளி வைத்தவருக்கு வீட்டில் பாதியா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு மாதத்துக்கு முன் வேலூரில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். குடியாத்தத்தில் அவர் கடன் போட்டுக் கட்டிய சொந்த வீடு இருக்கிறது. நாங்கள் இரண்டு பெண்கள்தான். அதனால் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தார். காரியத்தன்று தலைப்பாகையும் அவருக்கே கட்டினார்கள். இப்போது, அப்பா மருத்துவமனையில் இருந்தபோது எழுதியது என்று பதிவாகாத ஒரு உயிலைக் காட்டுகிறார். வீட்டில் பாதி அவருக்காம். சாவுச் செலவு, காரியச் செலவு என்று இரண்டேகால் லட்சத்துக்குக் கணக்கும் கொடுத்திருக்கிறார். ‘புரோபேட் எடுக்கணும், அம்மாவும் நீங்களும் சம்மதக் கையெழுத்துப் போடுங்க’ என்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறார். கையெழுத்துப் போடலாமா? – வாசகி, குடியாத்தம்.

பதில்: போடாதீர்கள். உயிலின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்கும் வரை எந்தத் தாளிலும் போடாதீர்கள். புரோபேட் என்பது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று. ‘புரோபேட்டுக்கு’ என்று நீட்டப்படும் தாள், பிரித்துப் படித்தால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருப்பது எங்கள் தொழிலில் அதிசயமில்லை.

கொள்ளி வைத்ததால் யாருக்கும் சொத்து வராது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் சடங்குக்கு இடமே இல்லை. உங்கள் அப்பா தானே சம்பாதித்த வீடு, உயில் இல்லையென்றால், முதல் வகுப்பு வாரிசுகளுக்கு, அதாவது சட்டம் முதலில் வைக்கும் மிக நெருங்கிய உறவுகளுக்கு, சரிசமமாகப் போகும். தம்பி மகன் அந்த வகுப்பில் கிடையாது. பங்காளிகள் பஞ்சாயத்துப் பேசுவார்கள். காது கொடுத்துக் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

அவருக்கு வழி இருந்தால் அது உயில் ஒன்றுதான். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் எழுதியதும் செல்லும். வேலூர் மாவட்டத்தில் எழுதி, இங்கேயே இருக்கும் சொத்தைப் பற்றிய இந்துவின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமும் இல்லை. அது சென்னை நகரச் சொத்துகளுக்கு முன்பு இருந்த விதியை ஒட்டி வந்த வழக்கம். அப்புறம் ஏன் கேட்கிறார்? நீங்கள் சம்மதித்துவிட்டால் உயிலை நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் அவர் தோளிலிருந்து இறங்கிவிடும். இன்னொன்று, உயிலில் அவரை நிறைவேற்றுநர், அதாவது உயிலைச் செயல்படுத்தும் பொறுப்பாளர் என்று எழுதியிருந்தால்தான் புரோபேட் அவருக்குக் கிடைக்கும். வெறும் பங்கு மட்டும் எழுதியிருந்தால் கேட்க வேண்டியது வேறு மனு.

அந்தப் பாரம் லேசானதல்ல. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் ஏறி, உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டும். சொத்து வாங்குகிறவரே முன்னின்று எழுத வைத்த உயில் என்றால், சந்தேகங்களை அவர்தான் தீர்க்க வேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே மருத்துவமனையிலிருந்து சிகிச்சைப் பதிவுகளின் நகலை இப்போதே வாங்குங்கள். உயிலில் உள்ள தேதியில் அப்பா வார்டில் இருந்தாரா, ஐ.சி.யு.வில் இருந்தாரா, நினைவோடு பேசினாரா என்பது நர்ஸ் எழுதும் குறிப்பில் மணி வாரியாக இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் ‘எங்களைக் கேட்காமல் புரோபேட் வழங்கக் கூடாது’ என்று ஒரு கேவியட்டும் போட்டுவையுங்கள்.

செலவுக் கணக்கு வேறு விஷயம், அதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இறந்தவரின் தகுதிக்கேற்ற நியாயமான இறுதிச் சடங்குச் செலவை மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னால் அவர் சொத்திலிருந்து தர வேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. வண்டி, பாடை, விறகு, மேளம், வெட்டியான் கூலி என்று ரசீதும் கணக்கும் இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். பதினாறாம் நாள் ஊருக்கே போட்ட சாப்பாடு அந்த நியாயத்துக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. நான் பேரம் பேசுவேன். சாவுக்கு முந்தைய மருத்துவச் செலவுக்கும் அதே பிரிவில் இடம் உண்டு. ஆஸ்பத்திரி பில்லை நீங்கள் கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். பணம் கொடுக்கும்போது ‘ஈமச் செலவுக்காக, முழுத் தீர்வாக’ என்று எழுதி வாங்குங்கள்.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன பாட்டி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. உயில் நிற்கவில்லை என்றால் வீடு நான்கு பங்கு: பாட்டி, அம்மா, நீங்கள், தங்கை அல்லது அக்கா. பாட்டியின் கால் பங்கை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இருப்பதோ சித்தப்பா வீட்டில். எழுதாமல் காலமானால் சித்தப்பாவுக்கும், அத்தைகள் இருந்தால் அவர்களுக்கும், அப்பாவின் இடத்தில் உங்கள் இருவருக்கும் பிரியும். ஆக, உயிலைத் தோற்கடித்தாலும் அந்தக் குடும்பம் இந்த வீட்டுக்குள் வர ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. இதை அறியாமல் சிலர் வாரிசுச் சான்றில் பாட்டியின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். செய்யாதீர்கள், பின்னால் சான்றே ரத்தாகும்.

சான்றிதழ்கள்: இறந்த இடம் வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் என்றால் இறப்புச் சான்று அங்கேதான் கிடைக்கும், குடியாத்தம் நகராட்சியில் தேட வேண்டாம். அதில் அப்பாவின் பெயரும் இனிஷியலும் வீட்டுப் பத்திரத்தில் இருப்பது போலவே இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பட்டா மாற்றத்தில் இழுத்தடிப்பார்கள். அதை வைத்து இ-சேவை மையத்தில் குடியாத்தம் வட்டாட்சியருக்கு வாரிசுச் சான்று விண்ணப்பம். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு மட்டும் உரியது, பங்குக் கணக்கில் சேராது. வங்கியில் நாமினி யாராக இருந்தாலும் அவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்தானே தவிர முதலாளி இல்லை. அப்பாவின் ஏ.டி.எம். கார்டை யாரும் தொடாமல் பூட்டி வையுங்கள்.

பாட்டியைப் போய்ப் பாருங்கள், சொத்துப் பேச்சில்லாமல் முதலில் ஒருமுறை. அவர் மனமுவந்து பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாகவே வாங்குங்கள். குடும்பத்துக்குள் என்று கணக்கில் வந்தால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, மருமகளுக்கு அது பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். மறுத்தால், அவர் பங்குக்கு உரிய பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பேச்சை, வழக்குப் போடுவதற்கு முன்பே தொடங்குங்கள்.